பதினேழாவது ஜோடி

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது. பழைய அலுவலகத் தாள்களை நறுக்கும் வேலையில் இருந்தபோது கிடைத்தது. 'வாய்மொழியாகச் சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் 'தேவையில்லை' என்று அச்சிட்டிருந்ததை யாரோ அடித்து, மேலே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்த வேலையை விட்டுவிட்டேன். படிவத்தை விடவில்லை.

2

மழை பெய்துகொண்டிருந்த ஒரு

(பெய்யவில்லை. மறுபடியும்.)

நூலகத்தின் கணினிப் பிரிவில் அந்தக் கையெழுத்துக்குரியவளைப் பாலத்தக்கா என்பார்கள். நூலக உறுப்பினர்கள் அதே கடவுச்சொல்லை வைத்துக் கல்லூரியின் இணையச் சேவைக்குள்ளும் நுழையலாம். ஆனால் இரண்டுக்கும் பாதுகாப்பு விதிமுறை வேறு. இது சொல்வது அதற்குப் புரியாது. நடுவில் நின்று மொழிபெயர்க்கும் நிரல்தான் பாலம். இந்த முனையில் அதைப் பார்த்துக்கொள்பவள் அவள். மறுமுனையில் கல்லூரி ஊழியர் ஒருவர். அவள் குறிப்பேட்டில் அவர் பெயர் 'எதிர்க்கரை'.

கல்லூரிக் கணினியின் அடையாளச் சீட்டு போன்ற மின்சான்றிதழ் ஆண்டுக்கொரு முறை மாறும். வந்தது அசல்தானா என்று பார்க்க, எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த அதன் அடையாளக் குறியை அவர் தொலைபேசியில் இரண்டிரண்டாகப் படிப்பார். அவள் தன் தாளில் பார்ப்பாள். முப்பத்திரண்டு ஜோடி. பதினோரு ஆண்டு. நேரில் பார்த்ததே இல்லை. (காதலா என்று கேட்காதீர்கள். அவள் முறைப்பாள்.)

3

மூன்றாம் ஆண்டு:

"ஏழு டி. ஒம்பது ஒம்பது."

"சார், என் தாள்ல ஒம்பது நாலு."

"நாலுதான். கவனிக்கிறீங்களான்னு பாத்தேன்."

"நான் என்ன பூம்பூம் மாடா, சொல்றதுக்கெல்லாம் தலையாட்ட?"

அன்றுமுதல் ஆண்டுதோறும் ஒரு ஜோடியை மாற்றிப் படித்தார். எந்தக் கையேட்டிலும் இல்லாத சோதனை. ஒருமுறைகூட அவள் தவறவிடவில்லை.

4

பன்னிரண்டாம் ஆண்டு இரண்டு சேவைகளும் ஒரே பொது விதிமுறைக்கு மாறின. இனிச் சரிபார்ப்பது கணினிகளின் வேலை. பாலம் மாலை ஐந்துக்கு மூடப்படும். 'தேவையில்லை' என்று அச்சிட்ட படிவத்தை மேலாளர் நீட்டினார்.

அவள் கண்கள் பனி

(அடித்தாயிற்று. அவள் அந்த ஆண்டுச் சான்றிதழின் குறியைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தாள். அவ்வளவுதான்.)

"இப்ப எதுக்கு மேடம்? அதுவே பாத்துக்குமே."

"அது பாத்துக்கட்டும். தாள் முன்னால இருக்கா?"

"இருக்கு."

"இந்த வாட்டி நான் படிக்கிறேன்."

தாள் இருக்கிறதா, இல்லை மரியாதைக்கு 'ம்' கொட்டுகிறாரா? அந்த அழைப்புகள் அவருக்கும் ஏதாவதாக இருந்தனவா? அதை அவள் தெரிந்துகொண்டே ஆகவேண்டும். பதினாறு ஜோடியை ஒழுங்காகப் படித்தாள். பதினேழாவதை மாற்றினாள்.

5

நான் எழுதிய ஒரு பிரதியில் அவர் 'ம்' என்கிறார். இன்னொன்றில் சிரிக்கிறார். இரண்டையும் கிழித்துவிட்டேன். படிவத்தில் அவள் கையெழுத்து இருக்கிறது. அவர் பதிலுக்குக் கட்டம் இல்லை.

தாளில் இருப்பது சி மூன்று. அவள் சொன்னது சி எட்டு. சொல்லிவிட்டுக் காத்திருக்கிறாள். இப்போது தாள் உங்கள் கையில்.