கோட்டுப் பையில் சாக்லேட்

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி. அது டாக்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். அவர் நாக்குக்கு மட்டும் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

நாங்கள் சலவைக் கடை வைத்திருக்கிறோம். கோட்டு, சூட்டு, கம்பளி என்று தண்ணீரில் முக்கக்கூடாத துணிகள்தான் அதிகம். அவர் கறை எடுப்பார், நான் நீராவி இஸ்திரி போடுவேன். சாக்லேட்டோடு பிடிபடும்போதெல்லாம் மனுஷனிடம் ஒரு பிரசங்கம் தயாராக இருக்கும்.

"டார்க் சாக்லேட் இதயத்துக்கு நல்லதுடி. ரத்த ஓட்டம் சீராகுதாம். பேப்பர்லயே போட்டிருக்கான்."

"அவன் டார்க்குன்னுதானே போட்டான்? நீங்க வாங்கினது பாலும் முந்திரியும். உறையைத் திருப்பிப் பாருங்க, முதல்ல எழுதியிருக்கிறதே சர்க்கரைதான்."

"முந்திரி கூட உடம்புக்கு நல்லதுதான்."

இந்த மனுஷனோடு வாய் கொடுத்து யார் ஜெயிப்பது? அதனால் வீட்டிலும் கடையிலும் இனிப்பு என்ற பேச்சே இல்லாமல் வழித்துத் துடைத்துவிட்டேன். டீக்குக்கூடச் சர்க்கரை கிடையாது. எனக்கும் சேர்த்துத்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் குட்டு உடைந்தது. கல்யாண மாப்பிள்ளை ஒருவரின் சந்தன நிறக் கோட்டை மேசையில் விரித்து நீராவியை விட்டேன். உள்பையிலிருந்து பழுப்பாக ஏதோ ஊறி, மார்பு வரை பரவியது. முகர்ந்து பார்க்கத் தேவையே இல்லை. வாடிக்கையாளரின் கோட்டுப் பையிலேயே ஒளித்து வைத்திருக்கிறார் இந்த மனுஷன்! அடுத்தவர் பைக்குள் நான் கைவிட மாட்டேன் என்று அவ்வளவு நம்பிக்கை. வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கறையை எடுத்து முடித்தார்.

"அது ஒண்ணுதான். வேற எங்கயும் இல்ல, சத்தியமா" என்றார்.

மறுநாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் இன்சுலினைப் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். கோபம் இருந்தாலும் சாப்பிட்டிருப்பார் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை, தெரு முழுக்கப் பூட்டு. மாப்பிள்ளை கோட்டை வாங்க வருவார் என்பதால் நாங்கள் மட்டும் திறந்திருந்தோம்.

நான் உள்ளே நுழைந்தபோது அவர் நாற்காலியில் சரிந்து கிடந்தார். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. கை வெடவெடவென்று நடுங்கியது.

"சாப்பிட்டீங்களா?"

"ம்ஹூம்." வீம்பு! பாழாய்ப்போன வீம்பு!

எங்கள் மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். போனைப் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அம்மா, சர்க்கரை இறங்கிடுச்சு. ஆம்புலன்சுக்கு நான் சொல்லிடுறேன். முழுங்க முடியுதான்னு பாரு. முடிஞ்சா சர்க்கரையைக் கரைச்சுக் குடு."

"சர்க்கரை இல்லடி."

"ஜூஸ்? பிஸ்கட்? ஏதாவது இனிப்பு?"

"ஒண்ணும் இல்லடி! நான்தான் எதையும் விட்டு வைக்கலையே!" தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன், ஒழுங்காக முழுங்கினார்.

எதுவுமே இல்லை, அவர் ஒளித்து வைத்ததைத் தவிர. இவராவது ஒன்றோடு நிறுத்துவதாவது!

"என்னங்க, சாக்லேட் எங்க வெச்சிருக்கீங்க?"

கண் சொருகிக்கொண்டே சொன்னார். "சாக்லேட்டா? நான்தான் விட்டுட்டேனே."

"திட்ட மாட்டேங்க. எடுத்துக் குடுங்க, நீங்க சாப்பிடணும்."

"ஏமாற மாட்டேன்." குழறினாலும் பிடிவாதம் மட்டும் குறையவில்லை. "சத்தியமா இல்ல."

கத்தினேன். கெஞ்சினேன். கையெடுத்துக் கும்பிட்டேன். இத்தனை வருஷம் எனக்குப் பயந்து பழகின பொய், உயிர் போகிற நேரத்திலும் அவரை விடவில்லை. ஓடிப்போய்த் தொங்கும் கோட்டுகளில் பிளாஸ்டிக் உறைகளைக் கிழித்துக் கிழித்துத் துழாவினேன். கைக்குட்டை வந்தது, சில்லறை வந்தது, ஒற்றைத் தோடுகூட வந்தது. கம்பி கம்பியாய் இன்னும் எவ்வளவோ தொங்கின. திரும்பிப் பார்த்தால் அவர் தலை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் முன்னாலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எனக்கு ஒரு மாதிரி வருதுங்க" என்றேன். நிஜமாகவே வந்தது. "எனக்காவது ஒரு துண்டு குடுங்களேன்."

அவர் கஷ்டப்பட்டுத் தலையைத் தூக்கினார்.

"உனக்கா?"

"ஆமாங்க, எனக்குத்தான்."

"வக்கீல் கோட்டு" என்றார் உடனே. "கடைசிக் கம்பி. இடது பை. போ, போய் எடுத்துச் சாப்பிடு."

எப்படி எழுந்தேன், எப்படி ஓடினேன் என்று தெரியாது. கறுப்புக் கோட்டின் பையில் முழுசாக ஒன்று இருந்தது. அதே பாலும் முந்திரியும். டார்க் இல்லையே என்று வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டேன். உடைத்து அவர் வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"நீ முதல்ல."

விவாதம் பண்ண நேரமில்லை. ஒரு துண்டை என் வாயில் போட்டு மென்று காட்டினேன். அப்புறம்தான் குழந்தை மாதிரி வாயைத் திறந்தார். ஒரு துண்டு, இன்னொரு துண்டு, மூன்றாவது. மெல்லு, முழுங்கு என்று சொல்லிச் சொல்லி ஊட்டினேன்.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து விரலில் குத்திப் பார்த்து, குளுக்கோஸ் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் முகத்துக்கு ரத்தம் வந்தது. பின்னாலேயே வந்து சேர்ந்த மகள் எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாக நிற்க வைத்துத் திட்டாத குறைதான்.

"சாக்லேட்ல கொழுப்பு இருக்கும்மா, ரத்தத்துல சேர நேரமாகும். அவசரத்துக்குச் சர்க்கரைத் தண்ணிதான். இனிமே கல்லாவுல சர்க்கரைப் பொட்டலம் இருக்கணும். அப்பா, ஊசி போட்டா சாப்பிட்டே ஆகணும். புரியுதா?"

"பாத்தீங்களா? ஆபத்துக்குக்கூட உருப்படியா உதவலை உங்க சாக்லேட்" என்றேன் நான். பேச்சு வந்துவிட்டதே என்று எனக்கே ஆறுதலாக இருந்தது.

அவர் கையில் ஊசி குத்தின இடத்தில் வைத்த பஞ்சோடு, நனைந்த சட்டையோடு, என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"தேவலைங்க" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.