ஒடிச்சுப் பிடி

நாற்சந்தியில் திரும்பும்போது ஸ்டியரிங் கல்லாய்க் கனத்துவிட்டது. பிக்கப் வண்டியின் பின்னால் மெத்தைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அவள் சீட்டிலிருந்து பாதி எழுந்து, உடம்பின் பாரத்தையெல்லாம் கைகளில் இறக்கி, பீரோவை நகர்த்துவதுபோல இழுத்து இழுத்து வண்டியை ஓரம் கட்டினாள். பின்னால் நின்றவர்கள் ஹாரனில் கச்சேரியே நடத்திவிட்டார்கள். இறங்கிக் குனிந்தால், முன்சக்கரத்துக்கு உள்பக்கம் சிவப்பு எண்ணெய் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. பவர் ஸ்டியரிங் ஹோஸ்தான். வண்டி அவள் கைக்கு வந்த பிறகு இது மூன்றாவது.

“போயிருச்சா?” என்றார் பக்கத்து சீட்டிலிருந்த கணவர்.

“போயிருச்சு” என்றாள் அவள்.

அந்த வண்டியை இருபது வருஷமாக அவர்தான் ஓட்டினார். மெத்தைக்காரர் என்றால் அந்தப் பகுதியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போன வருஷம் ஒரு கண்ணில் கோளாறு வந்து, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். இன்னொரு கண் மாணிக்கம் மாதிரி இருக்கிறது என்று மனுஷன் எவ்வளவோ வாதாடிப் பார்த்தார். டாக்டர் மசியவில்லை. ஆள் வைத்து ஓட்டுவதற்கு மனம் வராமல் மனைவிக்கே கற்றுக்கொடுத்தார். அதுவரை ‘மெத்தைக்காரர் வீட்டம்மா’வாக இருந்தவள் சில மாதங்களில் ‘டிரைவரம்மா’ ஆனாள். முதன்முதலாகக் காய்கறிக் கடைக்காரர் அப்படிக் கூப்பிட்டபோது, யாரையோ சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தாள். இப்போதெல்லாம் கூப்பிடாதவர்கள் மேல்தான் வருத்தம். சும்மா சொல்லக் கூடாது, வாழ்க்கையில் அவளுக்கு இவ்வளவு பிடித்த வேலை வேறு வாய்த்ததில்லை. காலையில் இன்ஜின் உறுமியதும் மனசுக்குள் ஒரு குளிர்ச்சி பரவும்.

அதற்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. முதல் ஹோஸ் வெடித்தபோது, பழசு, தன் ஆயுசை வாழ்ந்துவிட்டது என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். இரண்டாவது வெடித்தபோது நாத்தனார் வீட்டுக்கே வந்துவிட்டார். தம்பி ஓட்டிய இருபது வருஷத்தில் ஒரு திருகாணி கழன்றதுண்டா என்று ஆரம்பித்து, சில கைகளுக்குச் சில பொருள் ஆகாது என்று முடித்தார். தன் பையன் வீட்டில் சும்மாதான் இருக்கிறான், இன்னொரு தடவை இப்படி ஆனால் பேசாமல் அவனிடம் சாவியைக் கொடுத்துவிடு என்று தம்பியிடம் சொன்னார். தம்பிகாரர் மறுத்துப் பேசவில்லை. பார்க்கலாம் என்றார். அந்தப் ‘பார்க்கலாம்’ அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. இப்போது அந்த இன்னொரு தடவையும் ஆகிவிட்டது. தன் கையில்தான் ஏதோ கோளாறோ என்று அவளுக்கே சந்தேகம் தட்ட ஆரம்பித்தது.

மெக்கானிக்கின் பெயர் கும்பகர்ணன். பெற்றோர் வைத்ததல்ல, ஊர் வைத்தது. வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில்தான் ஷட்டரைத் தூக்குவார். ஆனால் வேலையில் இறங்கிவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்ப மாட்டார். வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் நிறுத்தியபோது அவருக்கும் முகம் சுண்டிவிட்டது. இரண்டு ஹோஸையும் மாட்டியது அவர்தானே. பழையதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பம்புக்குப் பக்கத்தில், இரும்புப் பூண் இருக்கிற இடத்தில் ரப்பர் கொப்பளம்போல உப்பி வெடித்திருந்தது. எங்கும் உரசிய தடமில்லை. பெல்ட்டைத் தட்டினார், பம்பைச் சோதித்தார், எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தார். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

புதுசை மாட்டி முடித்ததும், இது வண்டியின் தப்பில்லை, வண்டி போகிற இடத்தின் தப்பு, நானும் வீடுவரைக்கும் வருகிறேன் என்று சொல்லி, யார் பதிலுக்கும் காத்திராமல் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கணவர் பின்னால் மெத்தைகளோடு மெத்தையாக ஏறிக்கொண்டார். வழியெல்லாம் கும்பகர்ணன் அவள் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். மாமியார் முன்னால் சமைப்பதுபோல அவளுக்கு உள்ளங்கை வேர்த்தது.

அவர்கள் வீடு ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. கீழே மெத்தை தைக்கும் கூடம், மேலே குடியிருப்பு. உள்ளே வண்டி திரும்ப இடமில்லாததால் தெருவிலிருந்தே பின்பக்கமாக ஒடித்து நுழைய வேண்டும். சந்தின் வாயில் இடப்பக்கம் தையற்காரர் வீட்டுச் சுவரின் முனை, வலப்பக்கம் விளக்குக் கம்பம். இடப்பக்கக் கண்ணாடியை மடக்கினால்தான் வண்டி உள்ளே போகும். அதனால் தெருமுனை வந்ததுமே கணவர் அதை மடக்கிவிடுவார். பின்கண்ணாடியை மெத்தைகள் மறைத்துவிடும். பின்னாடி நான் பாத்துக்கறேன், நீ முன்னாடி மட்டும் பாரு என்பது அவர் வகுத்த சட்டம்.

அன்றைக்கும் அவர் இறங்கிக் கண்ணாடியை மடக்கிவிட்டுச் சுவர் முனைக்குப் போய் நின்றார். அவள் பாதி தூரம் பின்னால் வந்தாள்.

“ஒடிச்சுப் பிடி” என்று குரல் வந்தது. “பிடிச்சுக்கோ. விட்டுறாத.”

அவள் ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வண்டி நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து ஒரு முனகல் கிளம்பியது. தினமும் கேட்கிற முனகல்தான்; சுமை தூக்கிய களைப்பு என்று நினைத்துக்கொள்வாள். கணவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வண்டியில் இரண்டு தட்டுத் தட்டுகிறவரைக்கும் இப்படியே இருக்க வேண்டும். அவர் சொன்ன சொல்லை அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கும்பகர்ணன் முனகலைக் கேட்டுக் காதைச் சாய்த்தார். பிறகு, இவ்வளவு நேரம் அங்கே என்ன நடக்கிறது என்று முணுமுணுத்தபடி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி மடக்கியிருந்த கண்ணாடியை விரித்தார்.

கண்ணாடியில் கணவர் தெரிந்தார். சுவரின் முனைக்கும் வண்டிக்கும் நடுவே கையை விட்டு, கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை விரித்துச் சாண் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவை போட்டார். நம்பிக்கை வராமல் மறுபடியும் போட்டார். முகம் சுவர்ப் பக்கம்கூட இல்லை, எங்கோ தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு வண்டியின் உடம்பைத் தடவிக்கொண்டே பின்பக்கமாகச் சுற்றிக் கம்பத்தை நோக்கிப் போனார். அவர் கை பட்ட இடத்திலெல்லாம் தூசியில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. அந்தத் தடங்களை அவள் தினமும் பார்த்திருக்கிறாள். தையற்காரர் பிள்ளைகளின் வேலை என்று அவர்களைக் கூப்பிட்டுத் திட்டியும் இருக்கிறாள். பெரிய கைத்தடம் அது என்பதுகூட அப்போது உறைக்கவில்லை. அட மனுஷா, இன்னொரு கண் மாணிக்கம் மாணிக்கம் என்றாயே, அதுவும் மங்கிவிட்டதா என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு தட்டுக் கேட்டது. கும்பகர்ணன் கண்ணாடியை மறுபடி மடக்கினார். வண்டி உள்ளே போய் நின்றது. கும்பகர்ணன் உடனே இறங்கவில்லை.

“தங்கச்சி, ஒடிக்கிறது தப்பில்ல. கடைசி வரைக்கும் ஒடிச்சு, இன்ஜின் ஓடுறப்ப அப்படியே பிடிச்சு வெச்சிருக்கீங்களே, அதான் வினை. எண்ணெய்க்குப் போக வழி இல்ல. முட்டி முட்டி ஹோஸத்தான் கிழிக்கும். முட்டுனதும் ஒரு விரக்கடை விட்டுக் குடுங்க, போதும். உங்க கையில ஒரு குத்தமும் இல்ல” என்றார். கண்ணாடியில் பார்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், தூக்கம் வருகிறது என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அவர் மட்டும் எந்த நேரத்திலும் சொல்லக்கூடிய பொய் அது.

மெத்தைகளை இறக்கிய பிறகு இருவரும் கூடத்துப் பஞ்சு மூட்டைகள் மேல் உட்கார்ந்தார்கள். மெக்கானிக் சொன்னதை அவள் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப என்னாலதான் போச்சா, மூணும்?”

“நீங்க பிடின்னீங்க, நான் பிடிச்சேன். விடுன்னு ரெண்டு பேருக்கும் தோணல.”

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. “இடுக்கு தெரியல எனக்கு. தடவித்தான் பாக்கறேன்” என்றார்.

“தெரியும். கண்ணாடியில பாத்தேன்.”

அவர் நிமிரவில்லை. அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், நியாயமாக. இவ்வளவு நாள் தன்னையே சந்தேகப்பட வைத்தாரே. ஆனால் வந்ததென்னவோ பெரிய நிம்மதி. தன் கை நல்ல கைதான் என்ற நிம்மதி. அதோடு, இந்த மனுஷன் தன்னை நம்பாமல் அப்படிப் பிடிக்கச் சொல்லவில்லை, தன் கண்ணை நம்பாமல்தான் சொன்னார் என்பதும் புரிந்தது. நாளைக்கே டாக்டரிடம் போகிறோம் என்றாள். போகலாம், நீதானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்றார் அவர்.

அந்த நேரம் பார்த்து நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. நாற்சந்தியில் வண்டி நின்ற செய்தி காற்றிலேயே போய்ச் சேர்ந்திருந்தது. அந்தப் பக்கம் நெடுநேரம் பேச்சு ஓடியது. இவர் ‘ம்’ கொட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், “சாவியா? அது டிரைவரம்மாகிட்டல்ல இருக்கு, அக்கா” என்றார். அவர் வாயிலிருந்து அந்தப் பெயரை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. எழுந்து உள்ளே போய், தேவையில்லாமல் ஒரு தலையணையைத் தட்டிச் சரிசெய்தாள்.

மறுநாள் டாக்டரைப் பார்த்துவிட்டு, வருகிற வழியில் ஒரு வீட்டில் மெத்தையையும் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். அந்த இன்னொரு கண்ணுக்கும் வைத்தியம் உண்டு, தள்ளிப் போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சந்து வாயில் அவர் இறங்கினார். கண்ணாடியை மடக்கப் போன கையை, இருக்கட்டும் என்று அவள் தடுத்தாள். அவர் சுவர் முனையில் ஒரு கையை வைத்து, மற்ற கையை வண்டியின் பின்மூலையில் பதித்து நின்றார். “ஒடி” என்றார். ஒடித்தாள். வண்டி முனகுவதற்குள், “விடு... கொஞ்சம் விடு” என்றார். விட்டுக் கொடுத்தாள். வண்டி நிற்காமல் அவர் உள்ளங்கைக்கு அடியில் மெல்ல நகர்ந்து உள்ளே போக ஆரம்பித்தது. கடைசியில் கண்ணாடி அவர் கைக்கு எட்டியபோது அதில் அவள் முகம் இருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு மடக்கினார்.

சாயங்காலம் வண்டி கழுவ வாளியோடு வந்தாள். பழைய கைத்தடங்களை எல்லாம் அழித்துக்கொண்டு, பின்மூலையிலிருந்து முன்கதவு வரைக்கும் தூசியில் ஒரே நீளக் கோடு எங்கும் அறுபடாமல் ஓடியிருந்தது. தண்ணீரை மொண்ட குவளையைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போனாள்.