பெட்டிமேல் உட்கார்ந்தவர்

பத்திரிகைக்காரர்கள் அப்பாவுக்கு வைத்த பெயர் 'கல்லு'. ஜெயித்தாலும் தோற்றாலும் முகம் அசையாது. கிராண்ட்மாஸ்டர் பட்டம் வாங்கிய படத்தில்கூட, பல் டாக்டரிடம் காத்திருப்பவர் மாதிரிதான் நிற்பார்.

அந்தக் கல்லைச் சிரிக்க வைக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா. பஸ் டிப்போவில் மெக்கானிக். செஸ்ஸில் காய் நகர்த்தத் தெரியும், அதுவும் அரைகுறை. ஆனாலும் அப்பா வெளியூர் போட்டிக்குக் கிளம்பினால் லீவு போட்டுவிட்டுக் கூடவே கிளம்பிவிடுவார். "கோச் மூளையைப் பார்த்துப்பார். வயித்தை யார் பார்க்கிறது?" என்பார்.

உலகப் பட்டத்துக்கான போட்டியில் அப்பா வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றார். மறுநாள் ஓய்வு. காலையில் மாமா அறைக்குள் போனபோது அப்பா துணிகளைப் பெட்டியில் திணித்துக்கொண்டிருந்தார். மாமா பெட்டியை மூடி, அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரி மச்சான். என்னால முடியல. ஊருக்குப் போறேன்."

"போயேன், யார் வேணாங்கிறா? முதல்ல என்னை ஜெயிச்சுட்டுப் போ."

கட்டிலில் பலகையை விரித்தார்கள். கொஞ்ச நேரத்திலேயே மாமாவின் ராணி வெட்டுப்பட்டது. மாமா அலட்டிக்கொள்ளாமல் ராஜாவை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தார்.

"என்ன மச்சான் இது?"

"பொண்டாட்டி போன துக்கம். ரெண்டு நாள் அவனைத் தனியா விடு."

அப்பா சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர. பிறகு அந்தக் கண்ணீர் நிற்கவேயில்லையாம். மாமா துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திரும்ப அடுக்கினார்.

மீதியில் இரண்டு ஆட்டங்களை ஜெயித்தும் ஒரே புள்ளியில் பட்டம் கைநழுவியது. இரண்டு வருடம் கழித்து அது கிடைத்தபோது, மாமா இடுப்பு ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். அரங்கத்திலிருந்து அப்பா பேசிய முதல் போன் அவருக்குத்தான். இரண்டாவதுதான் அம்மாவுக்கு. அம்மா இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

அப்பா ஓய்வு பெற்றதும் பேட்டி எடுக்க வந்த பெண், "மறக்க முடியாத நாள் எது சார்?" என்றாள்.

"தோத்துட்டு ஊர் திரும்பின நாள்," என்றார் அப்பா. "ரயில்ல பகல் பூரா நானும் மச்சானும் பேசிக்கிட்டே வந்தோம். செஸ்ஸைத் தவிர எல்லாத்தையும்."

மாமா போய் மூன்று வருடமாகிறது. வாரம் ஒருமுறை அப்பா மாமாவின் மனைவியை, எங்கள் அத்தையை, பார்க்கப் போகிறார். "அந்த ரயில் கதையைச் சொல்லுங்கண்ணே," என்கிறாள் அத்தை. அப்பா சாவகாசமாக, ஒவ்வொரு ஸ்டேஷனாகச் சொல்கிறார்.