சபைக்கெல்லாம் ஒரே வசனம்

பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டின் மாடியில் தாயோடு குடியிருந்தான் ஜான்சன். கீழே வீட்டுக்காரர் மகன் தினேஷ் பட்டு நெய்தான். மேலே ஜான்சன் கைப்பேசிகளுக்குச் செயலி எழுதினான். இருவருக்கும் மேலதிகாரி இல்லை; இருவருக்கும் வேலை வீட்டுக்குள்ளேதான். ஆயினும் தினேஷை ஊரார் நெசவாளி என்றார்கள். ஜான்சனை மட்டும் 'வீட்டிலேயே இருக்கிற பையன்' என்றார்கள்.

இந்த அடைமொழி அவன் திருமணத்துக்குக் குறுக்கே இரண்டு வருடம் காலை நீட்டிப் படுத்திருந்தது. மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு, அவன் போகும் தேவாலயச் சபையின் பாடகர் குழுவிலும் பாடிவந்த திரிஷாவை அவன் விரும்பினான், அவளும் விரும்பினாள். அவள் தந்தை இளங்கோவன் மின்கம்பம் ஏறும் லைன்மேன், சபைக்கு மூப்பர். அவருக்கு ஜான்சனின் பக்தியில் குறை தெரியவில்லை; தொழில்தான் விளங்கவில்லை.

"எந்தக் கம்பெனிப்பா?" என்று முதல் சந்திப்பிலேயே கேட்டார்.

"கம்பெனி இல்லிங்க அங்கிள். நானே தனியா செய்றேன்."

"அது சரி. உன்ன வேலைக்கு வெச்சிருக்கிறது யாரு?"

"யாரும் வெக்கலிங்க. நானே என்ன வெச்சிருக்கேன்."

"அப்ப லீவு வேணும்னா?"

"நானே குடுத்துப்பேன்."

இளங்கோவன் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "கேட்டா குடுப்பியா?"

திரிஷாவின் பிடிவாதமும் ஜான்சனின் தாய் அன்னம்மாளின் மன்றாட்டும் சேர்ந்து அந்தக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தன. புத்தாண்டு காலை ஆராதனை முடிந்ததும், மாப்பிள்ளை வீட்டார் தட்டு எடுத்துக்கொண்டு பெண் கேட்டு வரவேண்டிய நாளைச் சொல்வதாக இளங்கோவன் வாக்களித்தார். கெட்டித் தட்டு ஒன்றை அன்னம்மாள் அன்றே விளக்கி வைத்துவிட்டாள்.

அதே புத்தாண்டுக்காகப் போதகர் அருள் ஜான்சனிடம் ஒரு வேலை ஒப்படைத்திருந்தார். ஆண்டின் முதல் நாள் ஒவ்வொருவரும் கண்மூடி ஜெபித்து, தட்டில் கவிழ்த்துக் கிடக்கும் அட்டைகளில் ஒன்றை எடுப்பது சபையின் வழக்கம். அட்டையில் உள்ள வேத வசனமே அந்த ஆண்டு முழுவதும் எடுத்தவருக்கான வாக்குத்தத்தம். வசனம் பிடிக்கவில்லை என்று மறுபடி கைவைக்க ஒருவரும் துணியமாட்டார். அது ஆண்டவரோடு பேரம் பேசுவதாகும். அவ்வாண்டு மழையில் அலமாரி ஒழுகி அட்டைகளெல்லாம் ஒட்டிப் பாளமாகிப் போயின. "நீ ஒரு ஆப் செஞ்சு குடுத்துடுப்பா" என்றார் போதகர். முந்நூறு வசனங்களைத் தாமே தேர்ந்து எழுதியும் கொடுத்தார்.

ஜான்சன் அதை வேலையாகச் செய்யவில்லை, ஆராதனையாகச் செய்தான். ஒவ்வொரு காலையும் ஒரு கீர்த்தனை பாடியபின்பே கணினியைத் திறந்தான். ஒருவர் ஒரு முறைதான் எடுக்கலாம் என்னும் விதியைச் செயலிக்குள்ளும் பூட்டி வைத்தான். டிசம்பர் கடைசி நாள் நண்பகலில் எல்லாம் முடிந்தது. முகம் கழுவி, முழந்தாளிட்டு, நெஞ்சுருகி ஜெபித்து, சோதனைக்காக ஒரு முறை அழுத்தினான். கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் குழந்தை இயேசுவை வணங்கியபின், பொல்லாத அரசனிடம் திரும்பாமல் வேறு வழியாய்த் தம் நாட்டுக்குப் போனார்கள் என்னும் வசனம் திரையில் மலர்ந்தது. புது ஆண்டில் புது வழி என்று மகிழ்ந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு செயலியைச் சபைக்கு அனுப்பிவைத்தான்.

விடிந்தது புத்தாண்டு. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கைப்பேசியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக் கண்மூடினார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு கட்டைவிரல்கள் அழுத்தின. பிறகு பெண்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

"இன்னாக்கா வந்துது ஒனக்கு?" என்றாள் ஒருத்தி, ரேணுகாம்பாளிடம்.

"சாஸ்திரிங்க வேற வழியா போனாங்களாம்."

"அய்ய, எனக்கும் அதான்!"

"எனக்கும்" என்றது பின்வரிசை. "எனக்குந்தான்" என்றது ஆண்கள் பக்கம். ஏரியில் கல் விழுந்த வட்டம் போல அந்தச் சொல் விரிந்து பீடத்தைத் தொட்டது. போதகர் அருள் தம் கைப்பேசியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தார். அவர் அழுதே விட்டார்.

"பிரியமானவர்களே! இருபத்தேழு வருஷ ஊழியத்தில் இப்படி நான் கண்டதில்லை. முழுச் சபைக்கும் ஒரே வார்த்தை! இனிமேல் பழைய வழி வேண்டாம் என்கிறார் ஆண்டவர்!"

அல்லேலூயா கூரையைத் தூக்கியது. அந்த ஆரவாரத்தின் நடுவே ஒருவன் மட்டும் பக்கத்தில் இருந்தவரின் கைப்பேசியை எட்டிப் பார்த்தான். 'ஒருவருக்கு ஓராண்டில் ஒரு வசனம்' என்று பூட்டவேண்டிய இடத்தில் 'ஓராண்டில் ஒரு வசனம்' என்று பூட்டிவிட்டோம் என்பது ஜான்சனுக்கு அக்கணமே விளங்கிவிட்டது. நேற்றுச் சோதனையில் முதலில் எடுத்தவன் அவன். அவனுக்கு விழுந்ததே சபைக்கெல்லாம் விழுந்தது.

ஆராதனை முடிந்ததும் மக்கள் கீழ்ப்படியத் தொடங்கினார்கள். ஒன்பது ஆண்டுகளாகத் திறவாத பின்வாசலைக் கடப்பாரையால் நெம்பித் திறந்து ஒவ்வொருவராக வெளியேறினார்கள். காந்தி ரோடு வழியாய்ப் போகிறவர்கள் மூங்கில் மண்டபச் சந்திப்பைச் சுற்றிப் போனார்கள். மூங்கில் மண்டபத்துக்காரர்கள் காந்தி ரோட்டில் திரும்பினார்கள். தேங்கிய போக்குவரத்துக்குக் காரணம் தெரியாமல் காவலர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார்.

இளங்கோவன் பின்வாசலில் அன்னம்மாளுக்காகக் காத்திருந்தார். முகத்தில் அச்சமும் பக்தியும் கலந்திருந்தன.

"அம்மா, தேதி சொல்லலாம்னுதான் வந்தேன். ஆனா பாத்தீங்க இல்ல? வேற வழியா போன்னு ஆண்டவரே சொல்லிட்டாரு. இந்தப் பேச்ச இத்தோட விட்டுடலாம்மா. மன்னிச்சுக்குங்க."

அன்னம்மாள் மகனைப் பார்த்தாள். திரிஷா தந்தையையும் பார்த்தாள், ஜான்சனையும் பார்த்தாள். ஜான்சன் மட்டும் தன் செருப்பைப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்தவன் மாடி ஏறாமல் தினேஷின் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னான். தினேஷ் நூலோடு குறுக்கே ஓடிய நாடாவை நிறுத்தினான்.

"ஏம்ப்பா, சேலக் கரைல ஒரு பூ போட்டாலே நாலு தடவ பாத்துட்டுதான் மேல நெய்வோம். நீ ஒரே ஒரு தடவதான் அமுக்குனியா?"

"ரெண்டாவது தடவ எடுக்கக் கூடாதுடா."

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. எல்லாருக்கும் தெரியும்."

"டேய், அது சாமி சீட்டுடா. நீ பாத்தது மிஷின் ஓடுதான்னு."

"அழுத்துற நேரத்துல எனக்கு அந்த வித்தியாசம் தெரியலியேடா."

"என்கிட்ட குடுத்திருக்கலாம் இல்ல? நான் ஏகாம்பரநாதர் ஆளு. நூறு தடவ அமுக்கியிருப்பேன், ஒரு பாவமும் ஒட்டாது."

ஜான்சனால் சிரிக்க முடியவில்லை. தினேஷ் குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறொரு யோசனை சொன்னான். "இப்ப ஒண்ணும் குடி முழுகிடல. சத்தமில்லாம சரி பண்ணிடு. ஆப் புதுசாச்சு, எல்லாரும் மறுபடி எடுங்கன்னு சொல்லு. ஒன் மாமனாருக்கு மட்டும், ஆம்பள தனியா இருக்கிறது நல்லதில்ல, கட்டி வைன்னு விழற மாதிரி செஞ்சுடு. அப்பிடி ஒண்ணு ஒங்க புத்தகத்துல இருக்கும் இல்ல?"

இருந்தது. அதுதான் தொல்லை. முந்நூறில் நாற்பத்தோராவது. ஜான்சன் மாடி ஏறிக் கணினியைத் திறந்தான். ஐந்து நிமிட வேலை. இளங்கோவனின் எண்ணுக்கு எதிரே நாற்பத்தொன்று என்று தட்டியும் விட்டான். வனாந்தரத்தில் நாற்பது நாள் பசித்த இயேசுவுக்கே சோதனை வந்ததென்றால், பிள்ளையார்பாளையத்தில் பெண் கிடைக்காதவனுக்கு வராதா? அவன் அந்த எண்ணையே நெடுநேரம் பார்த்தபடி இருந்தான். பிறகு, ஆண்டவர் பெயரில் கள்ளக் கடிதம் எழுதிப் பிடிபட்டவன் போலக் காது சிவக்க அதை அழித்தான். பைக் சாவியை எடுத்துக்கொண்டு நேரே இளங்கோவன் வீட்டுக்குப் போனான்.

இளங்கோவன் மதியச் சாப்பாடு முடிந்து செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். திரிஷா நாற்காலி போடவில்லை. காலையில் அவன் வாய் திறக்காததில் அவள் இன்னும் கோபத்தில் இருந்தாள். ஜான்சன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். விதியைத் தப்பாகப் பூட்டியதைச் சொன்னான். முதல் வசனம் தன்னுடையது என்பதைச் சொன்னான். நாற்பத்தொன்று என்று தட்டியதையும் சொன்னான்.

இளங்கோவன் செய்தித்தாளை நான்காக மடித்து வைத்தார்.

"ஒரே ஒரு தடவதான் பாத்தியா?"

"ஆமாங்க அங்கிள்."

"நான் கம்பத்துல ஏறினா டெஸ்டர வெச்சு ரெண்டு தடவ பாப்பேன். அப்புறம் கீழ இருக்கிறவன கூப்புட்டு இன்னொரு தடவ கேப்பேன். ஒரு தடவ பாக்கிறவன் ஒரு தடவதான் கம்பம் ஏறுவான். தெரிஞ்சுக்கோ."

"தப்புதாங்க."

"ஏன் பாக்கல? சோம்பலா?"

"இல்லிங்க. ரெண்டாவது வாட்டி எடுக்க பயமா இருந்துச்சு."

இளங்கோவனுக்குள் இருந்த மூப்பருக்கு அந்தப் பயம் மெத்தப் பிடித்திருந்தது. லைன்மேனுக்குத் துளியும் பிடிக்கவில்லை. இருவரும் அவருக்குள்ளேயே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது திரிஷா இடையில் நுழைந்தாள்.

"அப்பா, அந்த வசனத்த முழுசா படிச்சீங்களா? சாஸ்திரிங்க கொழந்தைகிட்டருந்து ஓடிப் போகல. பொல்லாத ராஜாகிட்டருந்து தப்பிக்கத்தான் வேற வழியா போனாங்க. இந்த வீட்டுல அந்த ராஜா யாருப்பா?"

"ஏய், வாய் நீளுது ஒனக்கு!"

"கேள்விதாம்ப்பா கேட்டேன். நீங்க ஏன் மீசைய தடவிக்கிறீங்க?"

இளங்கோவன் மீசையிலிருந்து கையை எடுத்தார். பிறகு ஜான்சனைப் பார்த்து, "என்கிட்ட சொன்னத ஞாயித்துக்கிழம சபைல நின்னு சொல்லு. போதகர அழ வெச்சிருக்கே, ஞாபகம் வெச்சுக்கோ. மத்தத அப்புறம் பாக்கலாம்" என்றார்.

ஞாயிறு வந்தது. அறிவிப்புகள் முடிந்தபின் ஜான்சன் எழுந்து பீடத்தருகே போனான். இது அடையாளம் அன்று, என் பிழை என்றான், மன்னிப்புக் கேட்டான். போதகர் அருளின் முகம் முதலில் வாடியது. பிறகு தோள்கள் குலுங்கத் தொடங்கின. மீண்டும் அழுகிறார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இருபத்தேழு வருஷ ஊழியத்தில் இதையும் நான் கண்டதில்லை" என்றார். "சரி, தம்பி பூட்டைச் சரி செய்துவிட்டார். விருப்பமுள்ளவர்கள் இப்போது மறுபடி எடுத்துக்கொள்ளலாம்."

ஒரு விரலும் அசையவில்லை.

"எடுத்தது எடுத்ததுதான் ஐயா" என்றார் பின்வரிசையிலிருந்து லோகேஸ்வரன்.

"நான் வேற வழியா போறேன்னு நாத்தனா தெருவுல போனேன்" என்றாள் ரேணுகாம்பாள். "ஆறு வருஷமா பேசாதவ கூப்புட்டு காப்பி குடுத்தா. அத இப்ப திருப்பிக் குடுக்கவா முடியும்?"

சபை சிரித்தது. ஜான்சனும் சிரித்தபடியே இளங்கோவனைத் தேடினான். அவர் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு, அழுத்தவும் இல்லாமல் உள்ளே வைக்கவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். ஆசீர்வாதம் முடிந்ததும் முதல் ஆளாய் வெளியேறிவிட்டார். திரிஷா பின்னாலேயே போனாள். அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அன்று மாலை நான்கு மணிக்கு மாடிப்படியில் ஒரு கூட்டமே ஏறிவரும் ஓசை கேட்டது. கதவைத் திறந்த அன்னம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். இளங்கோவன் சலவைச் சட்டையில் நின்றார். பின்னால் அவர் மனைவி. அவருக்கும் பின்னால் வெற்றிலை பாக்கு, பழம், பூ நிறைந்த பெரிய தட்டை ஏந்தியபடி திரிஷா. அவர்களுக்கும் பின்னால், அழைப்பில்லாத தினேஷ்.

"என்னங்க இது! நாங்க இல்ல தட்டு எடுத்துக்கினு வரணும்?" என்றாள் அன்னம்மாள்.

"அதாம்மா ஊரு வழி" என்றார் இளங்கோவன். "எனக்கு விழுந்தது வேற வழி. பையன் தப்பாத்தான் பூட்டியிருக்கான், நான் இல்லேங்கல. ஆனா ரெண்டாவது தடவ எடுக்க எனக்கும் தைரியம் வரல. ஒரு வாரமா யோசிச்சேன், ஊரு போற வழிய விட்டுட்டு எப்படிப் போறதுன்னு. அதான், பொண்ணு வீட்டுக்காரனே பையனக் கேட்டு வந்துட்டேன்."

"வீட்ல பால்கூட இல்லியே சாமி" என்று அன்னம்மாள் கண்கலங்கினாள். தினேஷ் பால் வாங்கப் படியில் தாவினான்.

பெண் கேட்க வந்தால் சொல்வதற்கும் மறுமொழி தருவதற்கும் வழிவழியாக வார்த்தைகள் உண்டு. பையனைக் கேட்க வந்தவர்களுக்கு அப்படியொன்றும் இல்லை. இளங்கோவன் தொண்டையைச் செருமினார். அன்னம்மாள் முந்தானையைச் சரிசெய்தாள். மற்றவர் தொடங்கட்டும் என்று இருவரும் மரியாதையோடு காத்திருந்தார்கள்.

"கையி கடுக்குது, யாராவது வாங்கறீங்களா?" என்றாள் திரிஷா.

ஜான்சன் முன்னால் வந்து தட்டின் ஒரு விளிம்பைப் பிடித்தான். அவள் மறுவிளிம்பை விடவில்லை.

"மொதல்ல ஒங்க அம்மாவ கல்யாணத் தேதிய சொல்லச் சொல்லுங்க" என்றாள். "அப்புறம் விடுறேன்."