முழங்காலுக்குப் போட்ட மாத்திரை

தொண்ணூற்று நாலில் மதுரையில் ஞானதுரைக்கு இருதயக் குழாய் அடைப்பைப் பலூன் வைத்து நீக்கினார்கள். வயது எழுபத்திரண்டு. தொடை வழியாகக் குழாய் விட்டதால் காலை மடக்கக் கூடாது. ராஜபாளையம் மில்லில் முப்பது வருஷம் நின்று வேலை பார்த்த மனுஷர் சின்னப்பிள்ளை மாதிரி அடம்பிடித்தார். மனைவி பரிபூரணம்தான் சாயங்காலம் வரை அந்தக் காலை அமுக்கிப் பிடித்திருந்தாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை தந்திருக்கோம். வயசானவரு, உள்ள எங்கயாவது கசிஞ்சா லேசுல நிக்காது. வேற மாத்திரை சாப்பிடுறாரா?"

"இல்லீங்கய்யா."

அவள் பொய் சொல்லவில்லை. மெடிக்கல் கடை தவசிமுத்து மூட்டுவலிக்குக் காகிதத்தில் மடித்துத் தரும் மூன்று மாத்திரையை ஊரில் யார் மருந்தாக நினைத்தார்கள்? அதற்குப் பெயர் செட்டு. டீயோடு போட்டுக்கொள்வது.

மூட்டுவலியால் காலை மடக்க முடியாவிட்டாலும், உயிர் பிழைத்ததற்கு முழங்கால்படியிட்டு நன்றி சொல்ல வேண்டும் என்று ஞானதுரை ஒற்றைக்காலில் நின்றார்.

"நின்னுக்கிட்டுச் சொன்னா கர்த்தருக்குக் கேக்காதாக்கும்?"

"ஏட்டி, நீ போய் செட்டு வாங்கிட்டு வா."

ஒரு வாரம், காலையும் மாலையும் வாங்கிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவர் யார் கையையும் பிடிக்காமல் முழங்காலிட்டு எழுந்தார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

செவ்வாயன்று வெளிக்குக் கறுப்பாகப் போனது. "இரும்புச்சத்து டானிக் குடிக்கேன்லா, அதான்" என்றார். பாவி மகள், அதையும் நம்பினாள். வியாழக்கிழமை ரத்தமாக வாந்தி எடுத்து விழுந்தார். மதுரை வரை தாங்காது என்று ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே காரை நிறுத்தி ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அவர் சட்டைப்பையில் இருந்த காகித மடிப்பை அங்கிருந்த டாக்டர் பிரித்துப் பார்த்தார்.

"இருதயம் நல்லாத்தாம்மா இருக்கு. ரத்தம் உறையாம இருக்கத் தந்த மாத்திரையோட இதுவும் சேர்ந்து வயித்தைப் புண்ணாக்கி ரத்தம் கொட்டுது. இதை யாரு குடுத்தா?"

தவசிமுத்து பெயர் நாக்கு நுனி வரை வந்தது.

"நாந்தாய்யா" என்றாள்.

ஏற்றுவதற்கு ரத்தம் வந்து சேருமுன் ஞானதுரை போய்விட்டார்.

அடக்க ஆராதனையில் போதகர் ஜெபிக்க அழைத்ததும் சர்ச் முழுக்க முழங்காலிட்டது. பரிபூரணம் மட்டும் நின்றாள். பக்கத்தில் இருந்தவள் சேலையைப் பிடித்து மெதுவாகக் கேட்டாள்: "முட்டு வலிக்கா, அக்கா? செத்த நேரம் உக்காருங்க."

"வலிக்கல" என்றாள் பரிபூரணம். கடைசி வரை நின்றுகொண்டே இருந்தாள்.