எதிர்க்கட்சித் தலைவர் மாயாண்டி கேட்டு வாங்கித் தந்தவை

2006 மார்ச் மாதத்திலிருந்து மாயாண்டி குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதில்லை. அடுத்து நிற்பவர் அதே குழாயைத் திறந்தால் கொட்டும். பிளம்பர் வந்து பார்த்தார், குழாயில் கோளாறு ஒன்றுமில்லை என்றார், மாயாண்டியை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். அதன்பிறகு யாராவது வாளியில் பிடித்துக் கொடுத்தால்தான் அவருக்குக் குளியல். முதல் வாரம் நான் நீ என்று பிடித்துக் கொடுத்தார்கள். இரண்டாவது வாரத்திலிருந்து அவர் வாளியோடு நின்று கெஞ்ச வேண்டியிருந்தது.

ஷார்ஜா தொழிற்பேட்டையில், காருக்குப் பெயின்ட் அடிக்கும் கராஜ்களுக்குப் பின்னால் இருந்த ஒரு லேபர் கேம்ப்பில் இது நடந்தது. கட்டுமானக் கம்பெனி ஒன்றின் ஆட்கள் நானூறு பேர் அங்கே தங்கியிருந்தார்கள்; எல்லாம் ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள். கம்பெனிக்கு வேலை கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் தொழிலாளர் குழு ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்று சொன்னதால், தலைமை அலுவலகம் தண்ணீர், கக்கூஸ், மெஸ், பஸ் முதலியவற்றின் அதிகாரத்தைக் கேம்ப்புக்குப் பிரித்துக் கொடுத்தது. சம்பளத்தையும் பாஸ்போர்ட்டையும் லீவையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. வேறு யாராவது என்றால் மாதம் ஒருமுறை கூடி டீ குடித்துவிட்டுக் கலைந்திருப்பார்கள். நம் ஆட்கள் அதைச் சட்டமன்றமாக்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மெஸ் ஹாலில் அவை கூடும். கேம்ப் பாஸ் சதக்கத்துல்லா, கீழக்கரைக்காரர், சபாநாயகர். ஃபோர்மேன் ரகுநாதனும் அவரைச் சேர்ந்தவர்களும் ஆளுங்கட்சி. மேசையைத் தட்டுவதற்குப் பதிலாகச் சாப்பாட்டுத் தட்டைத் தட்டுவார்கள். வெளிநடப்பு செய்கிறவர்கள் வெயில் தாங்காமல் உடனே உள்நடப்பும் செய்துவிடுவார்கள்.

எதிர்க்கட்சித் தலைவர் மாயாண்டி. கமுதிப் பக்கம். சைட்டில் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் ஷட்டரிங் கார்ப்பெண்டர், ஊரில் ஒரு கட்சியின் மேடைப் பேச்சாளர். அவர் பேச்சைக் கேட்கப் பக்கத்து ஊர்களிலிருந்து டிராக்டரில் ஆள் வரும், ஓட்டு மட்டும் வராது. ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலில் நின்று டெபாசிட்டைப் பறிகொடுத்து, அந்த வெட்கத்தில்தான் 2004-இல் விமானம் ஏறினார். அப்போது மனைவி பானுமதி முழுகாமல் இருந்தாள். பெண் பிறந்தது, ராதிகா என்று பெயர் வைத்தது எல்லாம் அவருக்குப் போனில் வந்த செய்திதான். மகளைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை, மைக்கைத் தவிர. மைக்கைக் கண்டால் அவரால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது.

முதல் கூட்டத்தில் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று முக்கால் மணி நேரம் பேசினார். மறுநாள் காலை கேம்ப் முழுவதும் இனிப்பான தண்ணீர் வந்தது, அவர் ஒருவருக்கு மட்டும் நின்றுபோனது. அடுத்து பஸ்ஸைப் பற்றிக் கேட்டார். ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்த பழைய வண்டி போய் ஏசி பஸ் வந்தது. அதில் மாயாண்டி ஏறினால் என்ஜின் அணைந்துவிடும், இறங்கினால் கிளம்பிவிடும். இரண்டு நாள் பார்த்துவிட்டு டிரைவரே அவரை ஏற வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். லாரி பஸ் கணக்கில் சேராது போலிருக்கிறது. அவர் சிமெண்ட் லாரியில் தொற்றிக்கொண்டு டூட்டிக்குப் போய்வந்தார். இதே கேள்விகளை வேறு உறுப்பினர்களும் கேட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மாயாண்டி வாயால் கேட்டால்தான் எல்லோருக்கும் கிடைக்கும், கிடைத்த பொருள் அவருக்கு இல்லாமல் போகும்.

இதை முதலில் புரிந்துகொண்டவர் ரகுநாதன். அன்றிலிருந்து ஆளுங்கட்சி அவரை எதிர்ப்பதை நிறுத்திவிட்டது. சபாநாயகர் மணி அடிப்பதை நிறுத்திவிட்டார். வியாழக்கிழமை ராத்திரி இரு கட்சிக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்து நாளைக்கு மாயாண்டி எதைக் கேட்கவேண்டும் என்று முடிவு செய்வார்கள். மெத்தையில் மூட்டைப்பூச்சி என்றார்கள், கேட்டார்; புது மெத்தை வந்தது, அவர் தரையில் அட்டை விரித்துப் படுத்தார். மெஸ்ஸில் வாரம் ஒரு நாளாவது கோழி வேண்டும் என்றார்கள், கேட்டார். அந்த ஒரு நாள் அவர் தட்டில் விழுந்த துண்டு விழுந்த கணத்தில் எலும்பாகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டார்கள். கேவலம் என்பதைத் தவிர இதற்கு வேறு சொல் கிடையாது. ஆனால் சமையல் நன்றாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2007-இல் போன் பிரச்சினை வந்தது. கேம்ப்புக்குள் சிக்னல் கிடையாது, ஊருக்குப் பேச மெயின் ரோடு வரை நடக்கவேண்டும். ராதிகா அப்போதுதான் முழு வாக்கியம் பேச ஆரம்பித்திருந்தாள். அதைக் கேட்பதற்காக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாயாண்டி ரோட்டோரம் ஒற்றைக் காலில் நின்றார். போன் விஷயத்தை மட்டும் எழுப்பமாட்டேன் என்று முதலில் சொன்னார். அவை அவரைக் கட்டாயப்படுத்தவில்லை, மைக்கை மட்டும் அவர் முன்னால் நகர்த்தி வைத்தது. அந்தப் பேச்சை அதுவரை பேசியதிலேயே சிறந்தது என்றார்கள். ஒரே வாரத்தில் டவர் வந்தது. படுத்த இடத்திலிருந்தே நானூறு பேரும் பெண்டாட்டியோடு பேசினார்கள். மாயாண்டி பேசினால் கமுதியில் கணீரென்று கேட்டது, அங்கிருந்து பேசுவது எதுவும் அவர் காதில் விழவில்லை. பானுமதி இதை ஒரு மாதத்தில் புரிந்துகொண்டு கடிதத்துக்கு மாறினாள். மகள் சொல்வதை அப்படியே எழுதி அனுப்புவாள். அவர் தரையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படிப்பார்.

2008 கடைசியில் சைட்டுகள் ஒவ்வொன்றாக நின்றன. கிரேன்கள் அப்படியே நின்றன, சம்பளமும் நின்றது. எல்லோருக்கும் ஊருக்குப் போனால் போதும் என்று ஆகிவிட்டது, ஆனால் பாஸ்போர்ட் தலைமை அலுவலகத்தில். அந்தச் சமயம் பார்த்துத் தலைமை அலுவலகம், எவ்விதக் கோரிக்கையும் இல்லாமலே, லீவையும் பாஸ்போர்ட்டையும் கேம்ப்பின் அதிகாரத்தில் சேர்த்தது. நானூறு பேரைச் செலவில்லாமல் கழித்துக்கட்ட அவர்களுக்கும் மாயாண்டி தேவைப்பட்டார்.

மூன்று வெள்ளிக்கிழமை அவர் அவைக்கு வரவில்லை. வயிற்றுவலி என்றார். அந்த மூன்று வாரமும் அட்டையில் படுத்தபடி அவர் ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடித்தார் என்று பிறகு சதக்கத்துல்லாவிடம் அவரே சொல்லியிருக்கிறார். இந்தக் கேம்ப்பில் இருக்கும் ஒருவர்கூட ஊர் திரும்பக் கூடாது என்று கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். நானூறு பேருக்கும் அது கிடைத்துவிடும். அவருக்கு மட்டும் அது இல்லாமல் போகும், அவர் நேராக மகளிடம் போய்விடலாம். அதைக் கண்டுபிடித்த அன்று நன்றாகத் தூங்கியதாகவும் சொன்னார்.

நான்காவது வெள்ளிக்கிழமை சவரம் செய்துகொண்டு தானாகவே வந்தார். ரோலா கடைத்தெருவில் ஊருக்குப் போகிற யாரோ ஒருவனிடம் வாங்கிய பெரிய ஸ்பீக்கர் இரண்டு பக்கமும் நின்றது. ரகுநாதன் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அண்ணே, மறைச்சுப் பேச வேணாம். நீங்க ஒரு குடும்பம், நாங்க நானூறு குடும்பம். எங்க இடத்துல நீங்க இருந்தா என்ன செய்வீங்க?”

“இதேதான் செய்வேன் ரகு. தள்ளி உக்காரு, பேசணும்” என்றார் மாயாண்டி.

எழுந்தார். மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே என்றதுமே தட்டு அதிர்ந்தது. தமிழன் கடல் கடந்த கதையில் தொடங்கினார். கை எடுத்து வணங்கினார். முதல் வரிசையில் புதுக்கோட்டைக்காரன் ஒருவன் அழ ஆரம்பித்தான், அதைப் பார்த்து அவருக்குக் குரல் இன்னும் ஏறியது. அந்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் தட்டு நின்றுவிடும். ஊரில் எத்தனையோ கூட்டத்தில் கல்லடி பட்டிருக்கிறார், ஆனால் தட்டும் கை பாதியில் நிற்பதை அவர் அதுவரை பார்த்ததில்லை. நானூறு முகமும் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்க, இந்த அவையில் இருக்கும் கடைசி மனிதன் வரை அவனவன் பிள்ளையை அவனவன் தூக்கிக் கொஞ்ச வேண்டாமா என்று மாயாண்டி கேட்டார். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. தட்டுச் சத்தம் கராஜ் வரைக்கும் போனது.

பாஸ்போர்ட் ஞாயிற்றுக்கிழமை வந்தது. பிப்ரவரிக்குள் கேம்ப் காலி. புறப்பட்டவர்களில் பலர் மாயாண்டியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நேரமாகிறது என்று பஸ் ஹாரன் அடித்தது. சதக்கத்துல்லா மனசு கேட்காமல் தன் காரில் அவரை ஏற்றிக்கொண்டு விமான நிலையத்துக்குக் கிளம்பினார். எந்தச் சாலையில் திரும்பினாலும் கார் கேம்ப் கேட்டில் வந்து நின்றது. நான்கு முறை முயன்றார், பெட்ரோல் தீர்ந்தது. கடைசி விமானத்தில் சதக்கத்துல்லாவும் போய்விட்டார். காலி கேம்ப்பை வேறொரு கம்பெனி எடுத்தது. உள்ளே ஏற்கெனவே ஒருவர் இருப்பதைப் பற்றி அவர்கள் குறை சொல்லவில்லை, விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் எடுத்திருந்தார்கள்.

ரகுநாதன் ஊர் திரும்பியதும் முதல் வேலையாகக் கமுதிக்குப் போய்ப் பானுமதியிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அவள் ஒன்று மட்டும் கேட்டாள்.

“நல்லா பேசினாரா?”

“அப்படி ஒரு பேச்சு நான் கேட்டதில்ல தங்கச்சி.”

பானுமதி உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். அன்று சாயங்காலம் உட்கார்ந்து கடிதம் எழுதினாள். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வருடமாக டீச்சர் இல்லை, பிள்ளைகள் வந்து வெறும் சுவரைப் பார்த்துவிட்டுப் போகின்றன, ராதிகாவைச் சேர்க்க வேண்டும், ஒரு வார்த்தை கேளுங்கள் என்று எழுதினாள். இனிமேல் படிப்பால் உங்களுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை, அதனால் நஷ்டமும் இல்லை என்று யோசித்துப் பார்த்தே எழுதியிருந்தாள். மாயாண்டி அந்த வெள்ளிக்கிழமையே, நேபாளிகளும் பீகாரிகளும் நிறைந்த புது அவையில், தனக்குத் தெரிந்த ஹிந்தியில் அதை எழுப்பினார். அவர்களுக்குக் கமுதி எங்கே இருக்கிறது என்று தெரியாது, இருந்தாலும் தட்டினார்கள்.

ஜூன் மாதம் ஷியாமளா என்ற டீச்சர் வந்து சேர்ந்தார். கண்டிப்பானவர், நன்றாகச் சொல்லிக்கொடுப்பவர். டிசம்பரில் ராதிகா யார் உதவியும் இல்லாமல் ஒரு பக்கம் எழுதினாள், அப்பாவுக்கு. கடிதம் கேம்ப்புக்கு வந்தபோது மாயாண்டி அதைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார். எழுத்துகள் இருந்தன, ஆனால் ஜூனிலிருந்து எந்தப் பலகையைப் பார்த்தாலும் வருகிற அதே வெறும் கோடுகளாகத்தான் இருந்தன. தமிழ் தெரிந்தவர் கேம்ப்பில் யாரும் இல்லை. பக்கத்துக் கட்டில் நேபாளி வாங்கிப் பார்த்து, எழுத்து உருண்டை உருண்டையாக அழகாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான். மாயாண்டியும் ஆமாம் என்றார். அந்த வாரம் பருப்பில் உப்பு கூடுதல் என்று புது ஆட்கள் குறைபட்டுக்கொண்டார்கள், வெள்ளிக்கிழமை எழுந்து கேட்டார்.