ஏரிக்கரையில் இரண்டு சாட்சிகள்

அன்று மேகம் விலகியதா என்று என்னால் சத்தியமாகச் சொல்ல முடியாது. நான் ஏரிக்கரையில் இல்லை. என்னைப் பெற்ற அத்தா சொன்னதும் மாமா சொன்னதும் எனக்குள் கலந்துபோய், நானே பார்த்தது போல இருக்கிறது. அதனால் என் நினைவை நான் முழுதாக நம்புவதில்லை.

கம்பைநல்லூரில் அப்போது எங்கள் ஜமாஅத் இரண்டாகியிருந்தது. ரம்ஜான் நோன்பை முடிக்கும் பிறை கண்டதாகச் சேலத்திலிருந்து ஒரு வருஷம் தந்தி வந்தது. அத்தா பக்கத்தார் அதை ஏற்றுப் பெருநாள் கொண்டாடினார்கள். என் தாய்மாமன் பீர் ராவுத்தர் பக்கத்தார் நோன்பு பிடித்துக்கொண்டே கேலி பேசினார்கள்.

"தந்தி மரத்துல பொறை காய்க்குதாம், பறிச்சுட்டு வாங்க."

"உங்க பொறை புளிவண்டியில ஆடி அசைஞ்சு வரட்டும்."

கேலி முற்றி, கீற்றுக் கொட்டகை போட்டு இன்னொரு பள்ளிவாசல் எழுந்தது. மாமா மகன் அமானுல்லாவுக்கு என்னைப் பேசியிருந்தார்கள். எந்தப் பள்ளியில் நிக்காஹ் என்பதில் அதுவும் நின்றது.

யுத்தம் தொடங்கிய மறுவருஷம் ஒரு சமாதானம் வந்தது. நோன்பை முடிக்க இரண்டு சாட்சி வேண்டும். பக்கத்துக்கு ஒருவராக அத்தாவும் மாமாவும் ஏரிக்கரை ஏறிப் பிறை பார்ப்பது. இருவரும் கண்டால்தான் பெருநாள், இல்லையென்றால் முப்பதும் பிடிப்பது. எப்படியானாலும் ஊருக்கு ஒரே பெருநாள். அன்று தொழுகை முடிந்ததும் என் நிக்காஹ். அம்மா எனக்கு மருதாணி இட்டாள்.

ஐப்பசி மேகத்தில் எதுவும் தெரியாதென்று வேறு யாரும் கரையேறவில்லை. இருவரும் பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்துவிட்டு நின்றார்கள். மேகம் ஓரிடத்தில் கிழிந்தது.

"பனைக்கு வலப்பக்கம், மச்சான். நகம் மாதிரி."

மாமா வெகுநேரம் பார்த்தார். "நான் காணலை."

"நல்லாப் பாருங்க, மூடப்போகுது."

"காணாததைக் கண்டேன்னு சொல்லச் சொல்றீங்களா?"

மேகம் மூடிக்கொண்டது. இருவரும் இறங்கி வந்து, சபையில் அவரவர் கண்டதைச் சொன்னார்கள். கூட்டத்தில் ஒருவன் சொன்னான்: "மகளைத் தள்ளிவுடற அவசரம். பொறை தெரியாம என்ன செய்யும்?"

அத்தா எழுந்தார். "என் கண்ணால கண்டுட்டேன். நாளைக்கு எனக்குப் பெருநாள்; நோன்பு பிடிச்சா ஹராமுங்க, கூடாது." பாதிப் பேர் அவர் பின்னால் வெளியேறினார்கள்.

மறுநாள் எங்கள் வீட்டில் அத்தாவுக்குப் பெருநாள். அம்மா அவருக்குச் சமைத்துப் போட்டாள். உப்புக்கூடப் பார்க்கவில்லை; அவள் அண்ணன் பக்கத்தோடு சேர்ந்து நோன்பிலிருந்தாள். சிவந்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தேன்.

நிக்காஹ் நடக்கவில்லை; அமானுல்லா பட்டாளத்தில் சேர்ந்து போய்விட்டான். அதற்கப்புறம் ஒருநாள் மாமி வந்து அம்மா மடியில் விழுந்து அழுதாள். "அவருக்குக் கண்ணுல பூ விழுந்து வருசமாகுது. பழகின பாதையில நடக்கறதால யாருக்கும் தெரியலை. சோத்துத் தட்டையே தடவித்தான் எடுக்கறாரு. வெளியில சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

அத்தா என்னையும் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனார்.

"மச்சான், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற ஆளை அனுப்பியிருப்போமே."

மாமா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "அத்தனை பேரும் என்னைத்தான் நம்பி அனுப்பினாங்க. குருடன்னு எப்படிச் சொல்றது? காணலைன்னேன். பொய்யில்லையே."

"பொய்யில்லைதான்."

இருட்டிக்கொண்டு வந்தது. யாரும் விளக்கேற்றவில்லை. பக்கத்தில் நான் நிற்பது மாமாவுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை.

அமானுல்லா பர்மாவில் இறந்ததாகச் சர்க்காரிலிருந்து சேதி வந்தது. மாமா முழுக் குருடாகி, மறுவருஷ நோன்புக்கு முன்னால் மவுத்தாகி அடக்கமானார். அத்தா அதற்குப்பின் பிறை பார்க்கப் போகவில்லை. சுதந்திரம் வந்த வருஷம் போய்ச் சேர்ந்தார். அம்மா அடுத்த வருஷம். என்னை ஏரியூரில் மனைவியை இழந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவரும் இல்லை, பிள்ளையும் இல்லை. பள்ளிகள் இரண்டும் இருக்கின்றன.